உட்கார்ந்து செய்யும் வேலை யாருக்கு?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சின்னம்மா என்னிடம் ஒரு உதவி கேட்டார். "ஏம் பாப்பா, நீ இவ்ளோ படிச்சிருக்க. உட்கார்ந்து செய்யற மாதிரி எனக்கு ஒரு வேலை எங்கேயாச்சும் இருக்குமான்னு பாரேன்."

சின்னம்மாவுக்கு 52 வயது. தேன்கனிக்கோட்டையை ஒட்டிய எங்கள் காலனியில் முதன்முதலில் செவிலியர் உடுப்புப் போட்ட பெண் அவர்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, 1990களில் ஒன்றரை வருட துணைச் செவிலியர் படிப்பை முடித்தார். அதுவரை 'காலனிக்காரங்க' என்று மட்டுமே அறியப்பட்ட எங்கள் வீட்டுக்கு அதன்பிறகு 'நர்சம்மா வீடு' என்று பெயர் வந்தது. பிரசவ வலி கண்டால் ஊர்த்தெருவிலிருந்தும் ஆள் தேடி வந்தது. நான் படிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்ததற்கே அந்த உடுப்புதான் காரணம்.

அந்த உடுப்புக்குள் இருந்த முதுகைப் பற்றி நாங்கள் யாரும் நினைக்கவில்லை. விடியற்காலைப் பேருந்தில் ஓசூர், அங்கிருந்து இன்னொரு பேருந்தில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருப் பக்கம். தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேர டூட்டி. ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, பெட்பேன் வைத்து எடுப்பது, கழிவறைக்குத் தாங்கிக் கூட்டிப் போவது. இருபத்தெட்டு வருடம் இதுதான். நான்கு வருடங்களுக்கு முன் இடுப்புத் தண்டுவடத்தில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. "இனிமேல் கனம் தூக்கக் கூடாது" என்றார் மருத்துவர். புறநோயாளிப் பிரிவில் டோக்கன் போடும் இடத்தில் உட்கார வையுங்கள் என்று நிர்வாகத்திடம் சின்னம்மா கேட்டார். "அங்க கம்ப்யூட்டர் தெரியணும், இங்கிலீஷ் பேசணும், பார்க்கறதுக்கும் கொஞ்சம் இதா இருக்கணும்" என்று பதில் வந்தது. அந்த 'இதா' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நாற்காலியில் 22 வயதுப் பெண் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவருக்கு கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆனது ஒரு வாரம்.

சின்னம்மா வேலையை விட்டார். இப்போது ஏஜென்சி மூலம் பெங்களூரு அடுக்ககங்களில் 'ஹோம் நர்ஸ்'. மருத்துவமனையை விட இது இலகு என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். மருத்துவமனையிலாவது பிடித்துத் தூக்க இன்னொருவர் இருந்தார். வீட்டில், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் எண்பது கிலோ மனிதரைத் தனியாளாகப் புரட்ட வேண்டும். முதல் நாளே அந்த வீட்டு அம்மா, "தேன்கனிக்கோட்டையா? அங்க எந்தத் தெரு?" என்று கேட்டாராம். இரண்டாம் நாள் தனி டம்ளர் வந்துவிட்டது. படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டலாம், மலம் துடைக்கலாம், ஆனால் சமையல்கட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

நான் இதே மாவட்டத்தின் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். செவிலியர் துறை என் துறை அல்ல. ஆனாலும் சின்னம்மா கேட்டாரே என்று ஒரு பட்டியல் போட்டேன். வயதான செவிலியர், உடலை வருத்தாமல், கற்ற கல்வியையும் பெற்ற அனுபவத்தையும் வைத்துச் செய்யக்கூடிய வேலைகள் என்னென்ன? பட்டியல் நான் நினைத்ததை விட நீளமாக வந்தது. அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

நாற்காலிகளின் பட்டியல்

முதலாவது, மேற்பார்வை. அரசு மருத்துவமனைகளில் செவிலியராகச் சேர்ந்தவர் பணிமூப்பில் செவிலியர் கண்காணிப்பாளர் ஆகலாம். கிராம சுகாதார செவிலியர் பகுதி சுகாதார செவிலியராகவும், அதன்பின் சமுதாய நல செவிலியராகவும் உயரலாம். இரண்டாவது, கற்பித்தல். செவிலியர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிற்றுநர் பணி. மூன்றாவது, தொற்றுக் கட்டுப்பாடு, தரக் கண்காணிப்பு. தேசியத் தர அங்கீகாரம் வாங்க நினைக்கும் மருத்துவமனைகள் இதற்கென்றே செவிலியர்களை வைத்திருக்கின்றன. நான்காவது, காப்பீட்டு மேசையும் மெடிக்கல் கோடிங்கும். ஐந்தாவது, 104 போன்ற தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனை. ஆறாவது, தொழிற்சாலைச் செவிலியர்.

ஆறாவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் மருத்துவ, செவிலியர் பணியாளர்களின் பொறுப்பில் ஒரு ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆவது பிரிவே எழுதி வைத்தது. ஓசூர் சிப்காட்டிலும், இப்போது எங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் எழும்பியிருக்கும் மின்னணு ஆலைகளிலும் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள், விடுதிகளில் தங்குகிறார்கள். மாதவிடாய்க் கோளாறு, ரத்தசோகை, மயக்கம், மன அழுத்தம் என்று அவர்களுக்கு வரும் பிரச்சினைகளைப் பொறுமையாகக் கேட்க அனுபவமுள்ள ஒரு செவிலியர் வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் சின்னம்மாவை விடப் பொருத்தமானவர் யார்?

ஆனால் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் ஒரு பூட்டு தொங்குகிறது. மேற்பார்வைக்கு நிரந்தர அரசுப் பணி வேண்டும். கற்பிக்கப் பட்டம் வேண்டும். பட்டயம் படித்தவர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படித்து அதை எட்டலாம், துணைச் செவிலியரால் அதுவும் முடியாது. அவர் மறுபடி பட்டயப் படிப்பிலிருந்து தொடங்க வேண்டும். தரக் கண்காணிப்புக்கு ஆங்கிலத்தில் ஆவணம் எழுதத் தெரிய வேண்டும். கோடிங் கற்கப் பயிற்சி நிலையத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேறு வருமானம் வேண்டும். தொழிற்சாலை வேலை ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது. அவருக்கு வேண்டியது இளம் வயதும் குறைந்த சம்பளமும்.

எந்தப் பூட்டின் மீதும் சாதி என்று எழுதியிருக்காது. அந்தச் சாவிகள் எந்தத் தெருக்களில் கிடைக்கின்றன என்று பார்த்தால் போதும். ஆங்கிலவழிக் கல்வி, நன்கொடை கட்டிப் படிக்கும் நான்காண்டுப் பட்டம், வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் படிக்க வைக்கும் குடும்பச் சொத்து, "நம்ம பொண்ணுதான்" என்று நிர்வாகத்திடம் சொல்ல ஒரு உறவுக்காரர். இவை காலனியில் கிடைப்பதில்லை.

உழைப்பாளர்களின் பிரிவினை

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குவது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சுட்டிக்காட்டினார். மருத்துவமனையின் எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் அந்த அடுக்கைக் கண்ணால் பார்க்கலாம். மேலே போகப் போக உடலைத் தொடுவது குறைகிறது, தாளைத் தொடுவது கூடுகிறது. கண்காணிப்பாளர் பதிவேட்டைத் தொடுகிறார். பட்டம் படித்த செவிலியர் ஊசியையும் மருந்தையும் தொடுகிறார். துணைச் செவிலியர் உடலைத் தொடுகிறார். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் உடலிலிருந்து வெளியேறுவதைத் தொடுகிறார்.

செவிலியர் தொழிலை இந்தியாவின் சாதி இந்துக் குடும்பங்கள் நெடுங்காலம் தீட்டாகத்தான் பார்த்தன. ரத்தமும் மலமும் நீரும் தொடும் வேலை, ஆண்களின் உடலைத் தொடும் வேலை. தமிழ்நாட்டு ஊர்களில் பிரசவம் பார்த்தது நாவிதர் குலத்து மருத்துவச்சி. இந்தியாவின் வேறு பல பகுதிகளில் தொப்புள்கொடி அறுத்தது தலித் பெண்கள். மிஷன் மருத்துவமனைகள் வந்தபோது முதலில் முன்வந்தவர்களில் கிறித்தவப் பெண்களே அதிகம், அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். வெள்ளை உடுப்பு அந்தத் தீட்டை ஓரளவு மறைத்தது. வெளிநாட்டு வேலையும் அரசுச் சம்பளமும் வந்தபிறகு எல்லாச் சாதியினரும் உள்ளே வந்தார்கள். அதை வரவேற்க வேண்டும். ஆனால் உள்ளே வந்த வேகத்தில் வேலையும் இரண்டாகப் பிரிந்தது. மரியாதையான வேலை ஒரு பக்கம், முதுகு ஒடியும் வேலை இன்னொரு பக்கம்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் எவலின் நகானோ கிளென் 1992இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில், பராமரிப்பு வேலை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாறியபோதும் நிறப்பாகுபாடு அப்படியே கூட வந்ததைக் காட்டினார். முன்வரிசையில் நின்று மேற்பார்வையிடும் வேலை வெள்ளைப் பெண்களுக்கு, பின்கட்டில் தூக்கித் துடைக்கும் வேலை கறுப்பின, குடியேறிய பெண்களுக்கு. அங்கே நிறம் செய்ததை இங்கே சாதி செய்கிறது.

ஆகவே, 'வயதான செவிலியர்களுக்கு இலகுவான வேலைவாய்ப்புகள்' என்ற பேச்சைத் தன்னம்பிக்கை வகுப்பு போல "புதிய திறன்களைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட முடியாது. இலகுவான வேலை ஏற்கெனவே இருக்கிறது. அது வயதுக்கும் அனுபவத்துக்கும் தரப்படுவதில்லை, பிறப்பு கொடுத்த வசதிக்குத் தரப்படுகிறது. நம் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அரசே ஒப்பந்தக்காரர் ஆனால்

தனியார்தான் இப்படி, அரசில் இடஒதுக்கீடு இருக்கிறதே என்று சொல்லலாம். உண்மைதான். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு இல்லாமல் எங்கள் காலனிகளிலிருந்து ஒரு அரசுச் செவிலியர்கூட வந்திருக்க மாட்டார். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் இடங்களுக்கு ஆள் எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்று நம்பினார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் திரண்டு போராட வேண்டியிருந்தது. பல போராட்டங்களுக்குப் பிறகுதான் ஊதியம் 14,000 ஆகி, பின்னர் 18,000 ஆனது. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். காலமுறை ஊதியத்துக்கு வராதவர் பதவி உயர்வு வரிசையில் நிற்கவே முடியாது. முப்பது வயதில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து நாற்பதில் நிரந்தரம் ஆகிறவர் கண்காணிப்பாளர் நாற்காலிக்கு எப்போது வருவார்?

இதற்கிடையில் அரசு ஊழியர் ஓய்வு வயது 58இலிருந்து 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. கோப்பு பார்ப்பவருக்கு அது இரண்டு வருடச் சம்பளம். வார்டில் நிற்பவருக்கு அது இரண்டு வருடச் சம்பளமும் இரண்டு வருட இரவுப் பணியும்.

கிராம சுகாதார செவிலியர்களைப் பாருங்கள். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் மலைக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு அந்த 3,000 பேர் எத்தனை மேட்டிலும் எத்தனை யானைத்தடத்திலும் சிதறிக் கிடக்கிறார்கள் என்று தெரியும். அந்தச் செவிலியர்களுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று வந்தது: கணினியில் தாய்–சேய் விவரங்களைப் பதிவேற்றுவது. ஆனால் அது நடை வேலைக்குப் பதிலாக வரவில்லை. பகலெல்லாம் நடந்துவிட்டு இரவில் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியதாக, கூடுதல் சுமையாக வந்தது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோயாளிகளுக்கு வீடு தேடி மருந்து, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை. நல்ல திட்டம். சுய உதவிக் குழுப் பெண்கள் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போகிறார்கள். இந்தப் பெண்களுக்குப் பயிற்சி தர, அவர்கள் கொண்டுவரும் விவரங்களைப் பார்த்து யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க, ஐம்பது வயதுச் செவிலியரின் அனுபவம் எவ்வளவு உதவும்! ஒவ்வொரு வட்டாரத்திலும் இப்படி நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கலாம். அதற்குப் பதிலாகத் தன்னார்வலர், ஒப்பந்தச் செவிலியர் என்று நிரந்தரமற்ற அடுக்குகளைத்தான் அரசு கூட்டுகிறது. தன்னார்வலர் என்ற சொல்லே, இது வேலை அல்ல, தொண்டு என்று சொல்லிக் கூலியைக் குறைக்கும் தந்திரம்.

ஒரு முதுகுக்குப் பதில் இன்னொரு முதுகா?

இந்த இடத்தில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். வயதான செவிலியருக்கு இலகுவான வேலை கொடுத்தால், அவர் தூக்கிய கனத்தை யார் தூக்குவார்?

இப்போதைய ஏற்பாட்டில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். அவர்களில் கணிசமானோர் அருந்ததியர் பெண்கள், அவர்களில் பலருக்கும் வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். "அக்கா, ஒரு கை பிடிங்க" என்று ஏற்கெனவே அவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். நோயாளியைத் தூக்குவது அவர்கள் வேலை அல்ல, அதற்குப் பயிற்சியும் இல்லை, அடிபட்டால் கேட்க நாதியும் இல்லை. பறையர் காலனியிலிருந்து போன ஒரு செவிலியரின் முதுகைக் காப்பாற்ற அருந்ததியர் பெண்ணின் முதுகை ஒடிப்பது நமக்கு விடுதலை ஆகாது. அம்பேத்கர் எச்சரித்த படிநிலைச் சமத்துவமின்மை என்பது இதுதான். ஒவ்வொருவருக்கும் கீழே மிதிக்க இன்னொருவரைக் கொடுத்து, எல்லோரையும் அந்த ஏணியைக் காப்பாற்ற வைப்பது.

எனவே கனத்தையே குறைக்க வேண்டும். ஒரு செவிலியர் கையால் தூக்கக்கூடிய நோயாளி எடைக்கு, நல்ல சூழலிலேயே 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோதான் வரம்பு என்று அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் சொல்கிறது. அதற்கு மேல் என்றால் கருவி வேண்டும். பிரிட்டனில் 1992இலேயே கையால் சுமை தூக்குவதற்கான விதிமுறைகள் வந்துவிட்டன. நோயாளியைத் தூக்கும் இயந்திரம், சறுக்கிமாற்றும் பலகை, உயரம் மாற்றும் கட்டில் எல்லாம் பழைய கண்டுபிடிப்புகள். நம் மருத்துவமனைகள் கோடி ரூபாய் ஸ்கேன் இயந்திரம் வாங்குகின்றன. சறுக்குப் பலகை வாங்குவதில்லை. பெண்களின் முதுகு அதை விட மலிவாகக் கிடைக்கும்போது ஏன் வாங்க வேண்டும்?

நாம் கேட்க வேண்டியவை

தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதியம் பற்றி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, ஒன்றிய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. கேரளச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்து 2018இல் அந்தத் தொகையைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையில் ஏற வைத்தார்கள். போராடினால் கிடைக்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஊதியத்தோடு நிற்காமல், உடலையும் வயதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஒன்று, ஐம்பது வயது கடந்த செவிலியர் கேட்டால் இரவுப் பணியிலிருந்தும் தூக்கும் பணியிலிருந்தும் விலக்கு, ஊதியக் குறைப்பின்றி மாற்றுப் பணி. இது கருணை அல்ல, உரிமை. அரசுக்கும் தனியாருக்கும் பொருந்த வேண்டும்.

இரண்டு, துணைச் செவிலியரும் பட்டயச் செவிலியரும் ஊதியத்தோடு மேற்படிப்புப் படிக்க அரசுக் கல்லூரிகளில் பணிக்கால இடங்கள். அதில் பட்டியல் சாதி, பழங்குடி, அருந்ததியர் உள்ஒதுக்கீடு முழுமையாக. இருபது வருட அனுபவம் ஆங்கிலத்துக்குக் கீழானது அல்ல. தேர்வும் பயிற்சியும் தமிழில் வேண்டும்.

மூன்று, ஒப்பந்த, தொகுப்பூதியப் பணிகளை நிரந்தரமாக்கி, பணியில் சேர்ந்த நாளிலிருந்தே பணிமூப்பைக் கணக்கிட வேண்டும். பதவி உயர்வில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு தர 1995ஆம் ஆண்டு 77ஆவது திருத்தம் அரசமைப்புச் சட்டத்திலேயே வழி செய்திருக்கிறது. அதைச் செவிலியர் கண்காணிப்பாளர், பயிற்றுநர் பதவிகளில் நடைமுறைப்படுத்த வேண்டும். அந்தப் பதவிகளில் யார் இருக்கிறார்கள் என்ற சாதிவாரிக் கணக்கை அரசு வெளியிட வேண்டும்.

நான்கு, தூக்கும் கருவிகள் இல்லாத மருத்துவமனைக்கு உரிமம் புதுப்பிக்கக் கூடாது. துப்புரவுப் பணியாளரை நோயாளி தூக்க வைப்பதைத் தடை செய்ய வேண்டும், அவர்களையும் நிரந்தரமாக்க வேண்டும்.

ஐந்து, வீட்டுச் செவிலியர் ஏஜென்சிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த வேண்டும். தனி டம்ளர் வைக்கும் வீடு தன் சொந்த வீடாக இருந்தாலும் அங்கே வேலை செய்பவருக்கு அது பணியிடம். பணியிடத்தில் தீண்டாமை குற்றம்.

தமிழ்நாட்டுச் செவிலியர் சங்கங்கள் நிரந்தரத்துக்காகவும் ஊதியத்துக்காகவும் பல ஆண்டுகளாகக் களத்தில் நிற்கின்றன. அந்தப் போராட்டங்களில் நம் இயக்கங்கள் வாழ்த்துரை வழங்குவதோடு நின்றுவிடுகின்றன. அதேபோல், சங்க மேடைகளில் சாதி பற்றிப் பேசினால் ஒற்றுமை குலையும் என்ற தயக்கமும் இருக்கிறது. வார்டில் சாதி இருக்கும்போது மேடையில் மட்டும் அது இல்லாதது போலப் பேசினால் குலைவது வேறு ஒன்று. வார்டில் நிற்பவரின் நம்பிக்கை.

சின்னம்மாவிடம் என் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். தொழிற்சாலைச் செவிலியர் என்ற இடத்தில் விரலை வைத்தார். "இது எனக்குச் சரியா வரும்ல? அந்தப் பிள்ளைங்க எல்லாம் நம்ம பிள்ளைங்க மாதிரிதான் இருக்கு." சரியாக வரும் சின்னம்மா என்றேன். விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் விடியற்காலையில் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எண்பது கிலோவைப் புரட்டுவதற்காக அவர் ஓசூர்ப் பேருந்தில் ஏறினார். உட்கார இடம் கிடைக்கவில்லை.